மீன் குழுவுக்குப் போன கணக்கு

அந்த ஆண்டுக்குப் பிறகு கைபேசியை மூன்று முறை மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் கடைக்காரரிடம் நான் கெஞ்சுவது ஒன்றுக்காகத்தான்: ஒரு பத்தொன்பது விநாடிக் குரல்பதிவு அழிந்துவிடக் கூடாது. பின்னணியில் காக்கைகள் கத்தும். யாரோ மீன் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். நடுவில் ஒரு பெண் குரல் என் தப்பை எனக்கே எடுத்துச் சொல்லும். தப்பு செய்து மாட்டிக்கொண்டதற்காக ஒரு கணக்கு டீச்சர் துள்ளிக் குதித்தாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நான் குதித்தேன்.

ஊரடங்கில் பள்ளிகள் பூட்டிக் கிடந்த ஆண்டு அது. கடலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துச் சிதம்பரத்துக்குப் போய்ப் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள், வீட்டு மாடியறையில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் பாடம் பேசி அனுப்பத் தொடங்கினேன். வீடியோ அனுப்பினால் புவனகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், திறக்காது. அதனால் குரல் மட்டும். வகுப்புக் குழுவில் முப்பத்தெட்டுப் பேர். பதிலுக்கு வந்ததெல்லாம் கும்பிடு போடும் பொம்மைகள். ‘புரியலை மிஸ்’ என்றாவது ஒருவர் சொல்லக்கூடாதா என்று ஏங்கிப்போனேன். சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறோமோ என்ற பயம் எனக்கு வந்துவிட்டது.

அதே கைபேசியில் இன்னொரு குழுவும் இருந்தது. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா தொடங்கியது. துறைமுகத்தை ஒட்டிய குப்பத்துக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். தெருவில் கூவி விற்க முடியாமல் போனதும் வாடிக்கைக்காரர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டார். கை எந்நேரமும் ஈரம் என்பதால் எழுதுவதே கிடையாது, எல்லாம் பேச்சுதான். “சங்கரா வந்திருக்கு, நெத்திலி வந்திருக்கு. வேணுங்கறவங்க சொல்லுங்க” என்று காலையில் அவர் குரல் வந்தால் நாங்களும் பேசியே பதில் சொல்வோம்.

ஒருநாள் காலை அவசரத்தில், வகுப்புக்குப் போக வேண்டிய கணக்கை மீன் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். தாயின் வயது மகளின் வயதைப் போல் ஐந்து மடங்கு. ஆறு ஆண்டு கழித்து மூன்று மடங்கு. மகளுக்கு இப்போது என்ன வயது? எக்ஸ் வைத்து விளக்கி, கடைசியில் எட்டு என்று முடித்திருந்தேன். அழிப்பதற்குள் அந்தப் பத்தொன்பது விநாடி வந்து விழுந்தது.

“டீச்சர், எட்டுன்னு சொல்றீங்களே, எட்டுன்னா அம்மாவுக்கு நாப்பது. ஆறு வருசம் போனா பொண்ணுக்குப் பதினாலு, அம்மாவுக்கு நாப்பத்தாறு. மூணு மடங்கு வரலியே? ஆறுன்னு போட்டுப் பாருங்க, கரெக்டா வருது.”

போட்டுப் பார்த்தேன். பதினெட்டில் ஆறு போனால் பன்னிரண்டு. நான் வாய் தவறிப் பதினாறு என்று சொல்லியிருந்தேன். நாற்காலியை விட்டுத் துள்ளிக் குதித்தேன். இத்தனை வாரத்தில் முதல் முறையாக ஒருவர் என் பாடத்தைக் கேட்டிருக்கிறார்! உடனே அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் ஃபெயில் என்றார். “ஒரே ஒரு பேப்பர் டீச்சர். இருவது வருசமா தொண்டையில முள்ளு மாட்டுன மாதிரி நிக்குது. அத மட்டும் எழுதி பாஸாயிடணும்.” எப்படி ஃபெயிலானார் என்று எனக்கு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. அக்காவுக்கு விடை தெரியும், வழி எழுதத் தெரியாது. மீன் ஏலக்கூடத்தில் வளர்ந்தவர், கணக்கைக் கேட்ட மாத்திரத்தில் மனத்துக்குள் போட்டு முடித்துவிடுவார். “விடைதான் வந்துடுச்சே, அப்பறம் எதுக்கு இம்மாம் எழுதணும்?” என்று சண்டைக்கு வருவார். வழி எழுதாவிட்டால் திருத்துகிறவர் மார்க் போடமாட்டார் என்று நானும் விடாமல் மல்லுக்கட்டினேன்.

பாடத்தைத் தனியாக அனுப்புகிறேன் என்றேன், ஒப்புக்கொள்ளவில்லை. நாலு பேர் கேட்டால்தான் விட்டுவிடாமல் படிப்பாராம். அதனால் மீன் குழுவிலேயே பாடம் நடந்தது. ஐஸ்பெட்டியின் தெர்மோகோல் மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் படிப்படியாக எழுதிப் படம் எடுத்து அனுப்புவார். ஓரத்தில் இரண்டு செதில் ஒட்டியிருக்கும். “இது மீன் குரூப்பா, டியூஷன் சென்டரா?” என்று ஒரு வாடிக்கைக்காரர் முறுக்கிக்கொண்டார். “கணக்கு முன்னாடி வரும் மாமா, மீனு பின்னாடியே வரும்” என்று அக்கா சமாளித்தார். அந்த மாமாவே பிறகு, மூடியில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்று சுட்டிக்காட்டும் அளவுக்கு வந்துவிட்டார்.

அக்காவின் பத்தொன்பது விநாடியை அவரிடம் கேட்டுக்கொண்டு வகுப்புக் குழுவிலும் போட்டேன். மிஸ் தப்பு செய்ததும், அதை மீன்கார அக்கா கண்டுபிடித்ததும் பிள்ளைகளுக்கு அவ்வளவு குஷி. மறுநாள் முதல் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்து அனுப்பினேன். கும்பிடு பொம்மைகள் காணாமல் போயின. “மிஸ், மூணாவது ஸ்டெப்பு!” என்று குரல்கள் முண்டியடித்தன.

அதற்குள் அறிவிப்பு வந்தது: பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் பரீட்சை இல்லாமலே பாஸ். தனியாக எழுதுகிறவர்கள் மட்டும் எழுதியே ஆக வேண்டும். அக்கா அரண்டுபோவார் என்று நினைத்தேன். “சும்மா குடுத்தா நானே வேணாம்னுடுவேன்” என்றார். விண்ணப்பத்தில் தேர்வு மையமாகச் சிதம்பரத்தைத்தான் கேட்டிருந்தார். “கடலூருன்னா தெருவெல்லாம் என் வாடிக்கை. பரீட்சை ஹாலுக்குள்ள போகுறப்ப நாலு பேரு மீனு கேப்பாங்க.”

பஸ்ஸில் நானும் உடன் போனேன். முகக்கவசத்துக்கு மேல் அக்காவின் கண்கள் மட்டும் மின்னின. பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் நான் நகம் கடித்துக்கொண்டு நின்றேன். முடிந்து வெளியே வந்தவர் வலது கையை உதறிக்கொண்டே வந்தார். “எல்லா ஸ்டெப்பும் எழுதிட்டேன் டீச்சர். விரலே மரத்துப்போச்சு.”

முடிவு வந்த காலையில் குழுவில் வழக்கமான குரல்: “சங்கரா வந்திருக்கு, வஞ்சிரம் வந்திருக்கு. கணக்குல பாஸு, அறுவத்திரெண்டு மார்க்கு. இன்னிக்கு யாரு என்ன வாங்குனாலும் ஒரு கை நெத்திலி கொசுறு.” மாடியறையில் தனியாக உட்கார்ந்து நான் கைதட்டினேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

இப்போது ஒவ்வொரு ஆண்டும் முதல் நாள் வகுப்பில் அந்தத் தாய்-மகள் கணக்கைப் போட்டு, விடை எட்டு என்று எழுதிவிட்டுக் காத்திருப்பேன். இந்த ஆண்டு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “மிஸ், எட்டு வராது. ஆறு.” கைபேசியை எடுத்து அந்தப் பத்தொன்பது விநாடியைப் போட்டேன். காக்கை கத்தியதும் வகுப்பே சிரித்தது. பிறகு அமைதியாகக் கேட்டது.

“யாரு மிஸ் அவுங்க?” என்றாள் அந்தப் பெண்.

“அந்த வருசம் பரீட்சை எழுதின என்னோட ஒரே ஸ்டூடண்ட்” என்றேன்.