வாராவாரம் புது போர்டு

நகராட்சி மனுப் பிரிவில் அவருக்குப் பெயரே 'பேக்கப் சார்' தான். ஒன்பது வருடங்களாக, வெள்ளிக்கிழமை நாலரை மணி ஆனதும் பீரோவைத் திறந்து ஹார்டு டிஸ்க்கை எடுப்பார். துடைத்துக் கம்ப்யூட்டரில் செருகி, அன்றைய தேதியில் ஒரு ஃபோல்டர் திறந்து, திரையில் 'மனுக்கள்' என்றிருக்கும் படத்தை அதற்குள் இழுத்துப் போடுவார். கண் சிமிட்டுவதற்குள் காப்பி ஆகிவிடும். அந்த வேகத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பதிவேட்டில் 'நகல் எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். மேனேஜர் பார்க்காமலே பக்கத்தில் தன் கையெழுத்தைப் போடுவார். இரண்டு முறை பாராட்டுச் சான்றிதழும் கிடைத்தது.

ஒரு திங்கட்கிழமை கம்ப்யூட்டர் உயிரை விட்டது.

"நம்ம பேக்கப் சார் இருக்கும்போது என்ன கவலை?" என்றார் மேனேஜர்.

ஹார்டு டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் செருகினார்கள். தேதி தேதியாக ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் 'மனுக்கள்' படம், மூலையில் குட்டி அம்புக்குறியோடு. எதுவும் திறக்கவில்லை. பழுது பார்க்க வந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"சார், இது வெறும் ஷார்ட்கட். வீட்டுக்கு வழி காட்டுற போர்டு மாதிரி. நீங்க வீட்டை விட்டுட்டு போர்டைப் பத்திரமா எடுத்து வெச்சிருக்கீங்க."

"ஒன்பது வருஷமாவா?"

"ஆமா சார். வாராவாரம் புது போர்டு."

அவருக்குக் காது மடல் சுட்டது. மதியச் சாப்பாட்டைத் தொடாமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார். மனைவி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

கடைசியில் மனுக்களைக் காப்பாற்றியது டைப்பிஸ்ட் அக்கா. ஆபீஸில் வேலை முடியாமல் மிச்சமாகிறதென்று, விதியை மீறி எல்லாவற்றையும் பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தவர். விசாரணைக் குழு மூன்று நாள் உட்கார்ந்தது. பதிவேட்டில் ஒரு வாரம்கூட விடுபடாததால் பேக்கப் சார் மேல் தவறில்லை என்றது. கோப்புகளை வெளியே கொண்டுபோனதற்காக அக்காவுக்கு மெமோ.

பேக்கப் சார் டைப்பிஸ்ட் அக்காவின் மேஜை முன்னால் போய் நின்றார். "உங்களாலதான் தலை தப்பிச்சது. மெமோ மட்டும் உங்களுக்கு..."

"விடுங்க சார். அதை டைப் பண்ணதே நான்தான். ரெண்டு எழுத்துப்பிழை இருந்துச்சு, திருத்திட்டேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஒழுங்காக நகலெடுத்தார். சந்தேகம் தீர ஒரு ஃபைலைத் திறந்தார். தெருவிளக்கு மனு. 'பதினோராவது முறையாக எழுதுகிறேன்' என்று தொடங்கியது. மேனேஜரிடம் ஓடினார்.

"சார், இதுக்கு நாம பதிலே போடலையே!"

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "திறக்குதான்னு பாத்தா போதாதா? உள்ள இருக்கறத எதுக்குய்யா படிச்சீங்க?"