கூப்பிடாத நாள்

போன வருடம் ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை. அரியலூரில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் எனக்கு நேர்முகத் தேர்வு நடந்தது. நாற்பத்தெட்டு வயதில் நேர்முகத் தேர்வா என்று சிரிக்காதீர்கள். என் மனைவியும் சிரித்தாள். அவளிடம் கோபித்துக்கொண்டு நானே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

நான் பெரம்பலூரில் பத்தொன்பது வருடமாக ஆயுள் காப்பீட்டு முகவர். ஊர் பாஷையில் பாலிசி ஏஜெண்ட். என்னைத் தூரத்தில் பார்த்ததும் தெருவை மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காரத் தயங்குகிறவர்களும் உண்டு. அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் எனக்குப் பின்னால் தொழிலுக்கு வந்தவர்கள் 'மேனேஜர்' என்று கார்டு அடித்து நீட்டும்போது மட்டும் வயிறு எரியும். நான் இன்னும் ரெக்சின் பையோடு பைக்கில் அலைந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் போன் வந்தது. ஒரு பெண் குரல். டிவியில் விளம்பரம் வருகிற ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயரைச் சொன்னது. அரியலூரில் கிளை திறக்கிறார்களாம். அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்துக்கும் மேனேஜர்கள் வேண்டுமாம். "பெரம்பலூர்ல விசாரிச்சா எல்லாரும் உங்க பேரைத்தான் சார் சொல்றாங்க" என்றது அந்தக் குரல். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேல்மாடியில் கண்ணாடிக் கதவு, குளுகுளு ஏசி, அந்த நிறுவனத்தின் பெரிய பெயர்ப்பலகை, கோட் போட்ட ஒருவர். உங்கள் அனுபவத்தில் பெருமையான ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். நான் வழக்கமாகச் சொல்கிற இட்லிக்கடை அக்கா கதையைச் சொன்னேன்.

ஆலத்தியூர் பக்கம், சிமெண்ட் லாரிகள் போகிற சாலையில் இட்லிக்கடை வைத்திருப்பவர் அவர். என்னைவிடச் சின்னவர்தான். கடைக்கு வருகிற எல்லோரையும் போல நானும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் மகளுக்கு ஒரு பாலிசி போட வைக்க மூன்று வருடம் அலைந்தேன். போகும்போதெல்லாம் அதே கேள்விகள். நீங்கள் இல்லாமல் போனால் யாரைக் கேட்பது, நீங்கள் காட்டும் பத்திரத்தில் இந்தக் கையெழுத்தைப் போட்டவர் யார், அவரை நான் பார்க்க முடியுமா. எனக்கு எரிச்சலாக வரும். பிறகு ஒருநாள், அவர் மகளின் படிப்பைப் பற்றி நான் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, "ஃபாரத்தை எடுங்க சார்" என்றார். என் பேச்சுக்குக் கிடைத்த வெற்றி என்று பதினோரு வருடமாக இதை ஒவ்வொரு முகவர் கூட்டத்திலும் சொல்லிவந்தேன். கோட்டுக்காரர் எழுந்து நின்று கை கொடுத்தார். "நீங்க இருக்க வேண்டிய இடமே வேற சார்" என்றார்.

அன்றைக்கே நியமனக் கடிதம் கையில் வந்தது. திங்கட்கிழமை இரண்டு விஷயத்தோடு வரச் சொன்னார்கள். ஒன்று, என் பழைய நிறுவனத்துக்கு ராஜினாமா கடிதம். இன்னொன்று, என் வாடிக்கையாளர் நோட்டு. கூடவே, முக்கியமான ஐம்பது பேரின் பாலிசி நகலும் ஆதார் நகலும். பணம் ஒரு பைசா கேட்கவில்லை. அதனாலேயே முழுசாக நம்பினேன். ஏமாற்றுகிறவன் பணம்தானே கேட்பான்?

அந்த நோட்டில் நானூறு குடும்பம் இருக்கிறது. யாருக்கு எப்போது பிறந்தநாள், வாரிசாக யார் பெயர், எந்த மாதம் யாருடைய பாலிசி முடிந்து பணம் வருகிறது, யாருடைய பிள்ளை வெளியூரில் இருக்கிறான், எல்லாம் என் கையெழுத்தில். என் மனைவிகூட அதைத் திறந்து பார்த்ததில்லை. அதைத்தான் கொண்டுபோய்க் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

சனிக்கிழமை காலை நகல்கள் வாங்குவதற்காக இட்லிக்கடைக்குப் போனேன். காலைக் கூட்டம் ஓய்ந்திருந்தது. அக்கா மதிய சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் ஆகப்போகிற செய்தியைச் சொல்லி, பாலிசி நகலும் ஆதார் நகலும் கேட்டேன். சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைத் தொடர்ந்து உரித்தார்.

"அப்ப பழைய கம்பெனிய வுட்டுடுவீங்களா சார்?"

"ஆமாக்கா."

"என் பொண்ணு பாலிசிய யாரு பாப்பா?"

"நான்தான். நான் பாத்துக்க மாட்டேனா?"

"நீங்கதான் வுட்டுட்டுப் போறீங்களே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்த ஆபீசுக்கு எத்தினி தடவ போனீங்க?"

"ஒரு தடவை. புதன்கிழமை."

"அவங்க கூப்பிட்ட அன்னிக்கா?"

"கூப்பிடாம எப்படிக்கா போறது?"

"என் தங்கச்சிக்கு மாப்புள வூடு பாக்கப் போனோம். சொல்லிட்டுப் போனதால புதுப் பாயி விரிச்சி, கேசரி கிண்டி வச்சிருந்தாங்க. எல்லாருக்கும் புடிச்சிருந்திச்சி. நான் மட்டும் இன்னொரு நாளு சொல்லாம கொள்ளாம போயி, தண்ணி வேணும்னு வாசல்ல நின்னேன். அவனோட அம்மாவ அவன் பேசுன பேச்சு தெருவுக்கே கேட்டிச்சி. வேணாம்னுட்டோம். நீங்களும் கூப்பிடாத நாள்ல ஒருக்கா போயிட்டு வாங்க. அப்பறம் நகல் தரேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருட அனுபவம் எனக்கு. மாப்பிள்ளை பார்க்கிற கதையை என்னிடம் சொல்கிறாரே என்று நினைத்தேன். ஊற்றி வைத்த டீயைத் தொடாமல் கிளம்பிவிட்டேன்.

பைக்கில் போகும்போதுதான் சுருக்கென்றது. கோட்டுக்காரர் என் முகவர் உரிம எண்ணைக் கேட்கவே இல்லை. எங்கள் தொழிலில் யாரும் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவதென்றால், பழைய இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்க வேண்டும். அதைப் பற்றி நான் கேட்டதற்கு, "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். இரண்டே இடம்தான், ஒன்றை உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கடைசி நாள். அட, இது நான் சொல்கிற வசனமாயிற்றே. யோசிக்கிறவர்களைக் கையெழுத்துப் போட வைக்க எனக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தது. நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். என்னிடமே ஒருவர் சொன்னபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அரியலூருக்குத் திருப்பினேன்.

மேல்மாடிக் கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. பெயர்ப்பலகை இல்லை. மேசை இல்லை, கோட்டுக்காரர் இல்லை. காலி ஹாலில் ஓர் அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இங்கே இருந்த இன்சூரன்ஸ் ஆபீஸ் எங்கே என்று கேட்டேன்.

"ஆபீசா? இது வாடகை ஹாலுங்க சார். புதங்கெழம அரை நாளுக்கு எடுத்திருந்தாங்க. சாயந்திரம் போர்டையும் கழட்டி வண்டியில போட்டுட்டுப் போயிட்டாங்க. திங்கக்கெழமையும் அரை நாளுதான் சொல்லியிருக்காங்க."

மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்தே அந்த நிறுவனத்தின் விளம்பரத்தில் இருக்கும் எண்ணுக்குப் பேசினேன். அரியலூரில் எங்களுக்குக் கிளையும் இல்லை, திறக்கப் போவதும் இல்லை என்றார்கள். அடுத்து என் கிளை அதிகாரியிடம் பேசினேன். அவர் ஒரு விஷயம் சொன்னார். வேறு மாவட்டத்தில் ஒரு முகவர் இப்படித்தான் நோட்டைக் கொடுத்தாராம். அடுத்த வாரமே அவர் வாடிக்கையாளர்களுக்கு வரிசையாகப் போன் போயிருக்கிறது. போனஸ் வந்திருக்கிறது, பழைய பாலிசியை முறித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்று. பெயர், பிறந்த தேதி, வாரிசு வரை சரியாகச் சொன்னதால் எல்லோரும் நம்பிப் பணத்தைக் கொடுத்திருக்கிறார்கள். என் பையை மடியில் வைத்து, உள்ளே நோட்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நேராக இட்லிக்கடைக்குத் திரும்பி வந்தேன். மணி நான்கு இருக்கும். நடந்ததைச் சொல்லி, காலையில் கோபித்துக்கொண்டு போனதற்கு மன்னிப்பும் கேட்டேன். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்று கேட்டேன்.

"புதுசா என்னா சார், உங்களையே அப்படித்தானே பாத்தேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன், என்னிடம் சொல்லாமல், ஒருநாள் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்திருக்கிறார். எங்கள் கிளை அலுவலகத்தில் பின் பெஞ்சில், திறந்த நேரத்திலிருந்து மூடுகிற வரை, உட்கார்ந்திருக்கிறார். யாரோ கேட்டதற்கு ஆள் வரணும் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

"அரும்பாவூர் பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு கைப்புள்ளயோட வந்திச்சி. அது புருசன் மோட்டார் கொட்டாயில கரண்ட் அடிச்சி செத்துட்டானாம். பணம் கேக்குற காயிதத்த நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. ஏதோ காயிதம் கொறையுதுன்னாங்க. அதக் கூட்டிக்கிட்டு வெயில்ல நடந்து போயி வாங்கியாந்தீங்க. உங்க பெரிய சார் புது பாலிசி எங்கன்னு சத்தம் போட்டாரு. இந்த வேல முடியட்டும் சார்னீங்க. புள்ளைக்கி பன்னு வாங்கிக் குடுத்தீங்க. அதப் பாத்துட்டுத்தான் அடுத்த தடவ ஃபாரத்தை எடுங்கன்னேன்."

"அப்ப நான் பேசினது?"

"பேசுனதா? அதுல பாதி எனக்குப் புரியவே இல்ல சார்" என்று சிரித்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நாள் எனக்கு நினைவில் இல்லவே இல்லை. அந்தப் பெண்ணின் முகம், குழந்தை, பன், எதுவும் இல்லை. என் வாழ்க்கையில் நான் எழுதிய பெரிய தேர்வு அதுதான். எழுதினேன் என்றே தெரியாமல் எழுதியிருக்கிறேன். கோட்டும் ஏசியும் பார்த்து ஒரே மணி நேரத்தில் மயங்கிய நான் எங்கே, ஒரு முழுநாள் வருமானத்தை விட்டுவிட்டுப் பின் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்து ஆளை எடைபோட்ட இந்த அக்கா எங்கே. அவரைப் பார்க்கவே எனக்குப் பிரமிப்பாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்த நாட்களும் எனக்கு உண்டு. அதில் ஒருநாள் அவர் வந்திருந்தால்?

அக்கா புது டீ போட்டுக் கொடுத்தார். காலையில் விட்டுப்போன டீயையும் சேர்த்து இரண்டாகக் குடிக்கச் சொன்னார். குடித்தேன்.

திங்கட்கிழமை காலை என் கிளை அதிகாரியும் நானும் போலீஸில் புகார் கொடுத்தோம். எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்கள் போல, அந்த ஹாலுக்கு அன்றைக்கு யாரும் வரவில்லை. அவர்கள் போன் எண்கள் எல்லாம் அணைந்துவிட்டன. எனக்குத் தெரிந்த முகவர்கள் எல்லோருக்கும் நடந்ததை என் வெட்கத்தோடு சேர்த்துச் சொன்னேன். நியமனக் கடிதத்தை மனைவி கிழிக்க விடவில்லை, பீரோவில் வைத்திருக்கிறாள். இட்லிக்கடை அக்கா கதையை இப்போதும் கூட்டங்களில் சொல்கிறேன், அதில் என் பேச்சு மட்டும் வருவதில்லை.

தினமும் கிளை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் அந்தப் பின் பெஞ்சுக்குத்தான் போகிறது. அங்கே யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால், அவர் கண்ணுக்கு இன்று நான் எப்படிப்பட்ட ஆளாகத் தெரிவேன் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுத்தான் என் வேலையைத் தொடங்குகிறேன்.