முருகனிடம் இரண்டு மனுக்கள்

டெல்லிக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சண்டைதான். மற்ற வீடுகளைப் போல மாமியார், நகை, சொந்தக்காரர்கள் என்று விதவிதமாகச் சண்டை போட எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. என் கணவருக்குக் கடலுக்குத் திரும்பிப் போக வேண்டும். எனக்கு டெல்லியை விட்டு நகரக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

நான் டெல்லியிலேயே, கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அப்பா மத்திய அரசில் குமாஸ்தாவாக இருந்தார். எனக்கும் ஓர் அமைச்சகத்தில்தான் வேலை. கணவர் ராமநாதபுரத்துக்காரர். மன்னார் வளைகுடாவில் முங்கிப் போய்ப் பவளப்பாறைகளை ஆராய்கிற அரசாங்க உத்தியோகம். கல்யாணமானதும் நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு அவரோடு கடலோர ஊரான மண்டபத்தில் குடியிருந்தேன். உப்புக் காற்றில் ஃபிரிட்ஜ் துருப்பிடித்தது, தலைமுடி கயிறானது, பேசுவதற்கு ஆள் கிடையாது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு டெல்லிக்கு ஓடி வந்துவிட்டேன். கொஞ்ச நாளில் அவரும் லோதி ரோடு பக்கம் ஒரு மேஜை வேலைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். எனக்காகத்தான் வந்தார். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

மண்டபத்தில் அவர் பார்த்த வேலையை என் அம்மா யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியாமல் தவித்தாள். "மாப்ளை கடலுக்குள்ள களை எடுக்காராம்" என்று தங்கையிடம் தொலைபேசியில் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. உண்மையில் அதுதான் வேலை. எங்கோ தூரதேசத்துக் கடலிலிருந்து வளர்ப்பதற்கென்று கொண்டுவந்த பாசி ஒன்று. தின்பண்டங்களைக் கெட்டியாக்குகிற ஒரு பிசின் அதிலிருந்து கிடைக்கும். கரையோரப் பெண்கள் அதை மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்த்தார்கள். அலையில் ஒடிந்த துண்டுகள் தீவுப் பக்கம் ஒதுங்கிப் பவளத்தின் மேல் உட்கார்ந்துகொண்டன. பவளம் பார்க்கத்தான் பாறை, ஆனால் உயிருள்ளது, அதற்கு வெளிச்சம் வேண்டும். பாசி மூடிவிட்டால் அடியிலேயே செத்துப்போகும். அவரும் கூட வேலை பார்த்தவர்களும் முங்கிப் போய் அதைக் கையாலேயே பிய்த்து வலைப்பையில் திணித்துக் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஒரு துணுக்கு மிச்சமிருந்தாலும் மறுபடி தழைத்துவிடும். மறுபடி போவார்கள்.

ஒருமுறை என்னையும் படகில் அழைத்துப் போனார். எனக்கு நீச்சல் தெரியாது. படகின் பக்கவாட்டில் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, அவருடைய முகக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்தேன். தேன் நிறத்தில், பழுப்பில், லேசான ஊதாவில் ஒரு ஊரே கீழே இருந்தது. மீன்கள் அவசரமில்லாமல் போய்வந்தன. ஓர் ஓரத்தில் மட்டும் பச்சையாகக் கொழகொழவென்று ஏதோ கவிழ்ந்து கிடந்தது. அவர் கீழே போய் அதன் விளிம்பைப் பிடித்து, தூங்குகிற குழந்தையின் முகத்திலிருந்து போர்வையை விலக்குவது போல மெதுவாக விலக்கினார். அடியில் பவளம் வெளிறிப்போய், ஆனால் உயிரோடு இருந்தது. மேலே வந்து மூச்சு வாங்கியபடி, "பாத்தியா, இருக்கு" என்றார். அந்த முகத்தை அதற்கப்புறம் டெல்லியில் நான் பார்க்கவே இல்லை.

பாசி வளர்க்கிற பெண்களோடு அவர் சண்டைக்குப் போனதாகவும் நினைக்க வேண்டாம். ஆரம்பத்தில் போயிருக்கிறார். ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "சார், பாசியத் திட்டாதீக. எங்களுக்கு அதுதான் சோறு போடுது" என்று சொன்னாளாம். அன்றோடு வாயை மூடிக்கொண்டார். அவளும் பாவம், பாசியும் பாவம், பவளமும் பாவம் என்று மூன்றையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள் அவர். எனக்கு இது எரிச்சலாக இருக்கும். யாரையாவது ஒருவரைத் திட்டித் தொலைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம் அல்லவா?

டெல்லிக்கு வந்தபின் ஒவ்வொரு வருடமும் மாற்றல் கேட்டு விண்ணப்பம் போடுவார். வெயில் ஏறத் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து முங்குகிற சாமான்களை இறக்குவார். முகக்கண்ணாடி, காலில் மாட்டுகிற துடுப்புகள், கறுப்பு ரப்பர் உடுப்பு. இந்த ஊர் வறட்சியில் ரப்பர் வெடித்துவிடும் என்று எல்லாவற்றுக்கும் குழந்தைப் பவுடர் பூசி, நிழலில் உலர்த்தி, மறுபடி கட்டி வைப்பார். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் பால்கனியில் அந்த உடுப்பு தொங்குவதைப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டு சர்தார்ஜி, "பாபிஜி, யாரோ தொங்குற மாதிரி இருக்கு" என்று ஹிந்தியில் ஒருமுறை அலறினார். "யமுனையில முங்கப் போறீங்களா?" என்று நானும் என் பங்குக்குக் கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொண்டே பவுடர் பூசுவார்.

செவ்வாய்க்கிழமை தோறும் பக்கத்து முருகன் கோயிலான மலை மந்திருக்குப் போவோம். அவர் மாற்றல் வேண்டும் என்று கும்பிடுவார். பக்கத்திலேயே நின்று நான் மாற்றல் வரக் கூடாது என்று கும்பிடுவேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனுக்கள். முருகன் பாடு திண்டாட்டம்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

இந்தக் கோடையில் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. டெல்லி கொதித்துக்கொண்டிருந்தது. கூலர் அனல் காற்றைத்தான் வீசியது, குழாயில் வருகிற தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. மகளுடைய பத்தாம் வகுப்பு, என் பதவி உயர்வு என்று வேண்டிய ஆயுதங்களை எல்லாம் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவர் உத்தரவை ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. பரணை அவர் திறக்கவே இல்லை.

காரணம் கைப்பேசியில் இருந்தது. மண்டபத்தில் அவருக்குப் படகு ஓட்டிய நண்பர், தண்ணீருக்கடியில் எடுத்த ஒரு வீடியோவை அனுப்பியிருந்தார். அவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வாவ்! சிம்லா ஸ்னோ மாதிரி இருக்குப்பா. கித்னா சுந்தர் ஹை!"

"ஆமாம்மா, அழகாத்தான் இருக்கு" என்றார்.

அவள் போனபிறகு நான் வாங்கிப் பார்த்தேன். அன்று கடலுக்கடியில் நான் பார்த்த ஊர் முழுக்க வெளுத்துக் கிடந்தது. கடல் சூடாகிவிட்டது என்றார். சூடு தாங்காமல் பவளம் தன் நிறத்தை உதறிவிடுமாம். நிறம் கொடுக்கிற நுண்ணுயிர்கள்தான் அதற்குச் சோறும் போடுகின்றனவாம், அதனால் நிறத்தோடு சோறும் போய்விடுமாம். முன்பும் இப்படி வெளுத்தது உண்டு, தண்ணீர் குளிர்ந்ததும் மெல்லத் தேறிக்கொள்ளும். இப்போது தேறுவதற்குள் அடுத்த கோடை வந்துவிடுகிறது. வீடியோவின் கடைசியில் அந்த வெள்ளையின் மேல் பச்சையாக, கொழகொழவென்று, பாசி ஏறிக்கொண்டிருந்தது. அவர் பல வருடம் பிய்த்துச் சுத்தம் செய்த இடம்தான் அது.

மறுநாள் உத்தரவை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார். காரணம் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். குடும்பச் சூழ்நிலை என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"என்னை எதுக்கு இழுக்கறீங்க? நான் தடுத்தேனா இந்த தடவை? ஒரு வார்த்தை பேசினேனா?"

"இல்ல."

"போலாங்க. நான் லீவு போட்டுட்டு வரேன். இவ எங்கம்மா வீட்டுல இருந்து படிக்கட்டும்."

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் ஃபில்டரிலிருந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நிரம்பியதும் குழாயை மூடினார்.

"அங்கிட்டுப் போயி நான் என்ன செய்ய? முன்னாடி பாசியைப் பிய்ச்சு எடுத்தா அடியில உசுரு இருந்துச்சு. இப்ப பிய்ச்சா அடியில ஒண்ணும் இல்ல."

மூடியைத் திருகிப் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார். அன்றிலிருந்து நேரத்துக்குப் போகிறார், நேரத்துக்கு வருகிறார், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். சண்டை இல்லாத வீடு. மழை வந்து வெயில் தணிந்த பிறகும் அப்படித்தான்.

போன செவ்வாய்க்கிழமையும் மலை மந்திருக்குப் போனோம். தீபாராதனையின்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர் மூடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேறு யாருக்காகவோ வந்து நிற்பவரைப் போலச் சும்மா நின்றார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என்ன கேட்பது என்று தேடினேன். இத்தனை வருடமாக நான் கேட்டதைத்தான் முருகன் கொடுத்திருக்கிறான். அதைத் திருப்பி எடுத்துக்கொள் என்று எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.