சிவப்பு மாமரம்

“அம்மா, மாமரம் நிஜமா என்ன கலர்?”

யு.கே.ஜி. படிக்கும் என் மகள் கயல் கேட்ட கேள்வி. இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பச்சை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்...

போன வாரம் பள்ளியிலிருந்து போன். அவளுடைய மிஸ்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பாப்பா எல்லா மரத்துக்கும் சிவப்பு அடிக்கிறா. கேட்டா, பச்சைன்னா வெறும் மண்ணுங்கறா. எதுக்கும் கண் டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிடுங்க.”

அன்று மாலையே டாக்டரிடம் ஓடினேன். புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களைக் கயல் கடகடவென்று படித்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. குறை என் லேப்டாப்பில் இருந்தது!

நான் வேலை செய்வது ஓசூரிலிருந்து மாநில எல்லையான அத்திப்பள்ளியைத் தாண்டி ஒரு சின்ன கம்பெனியில். மைக்ரோவேவ் அடுப்பு அளவிலான எங்கள் செயற்கைக்கோள்கள் பூமியைப் படம் எடுத்து அனுப்பும். அவற்றிலுள்ள கேமரா, ஒளியை நூற்றுக்கணக்கான மெல்லிய கீற்றுகளாகப் பிரித்துப் பார்க்கிறது. நம் கண்ணுக்கு எட்டாத ஒளியும் அதில் உண்டு. இலை அந்த ஒளியைத்தான் அள்ளி வீசுகிறது. அதைத் திரையில் காட்ட நாங்கள் சிவப்பைக் கொடுக்கிறோம். செழிப்பான தோப்பு ரத்தச் சிவப்பு. வாடும் தோப்பு மங்கல். வெறும் நிலம் பச்சை கலந்த நீலம்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் கயல் என் மடியில்தான். எங்கள் பக்கத்துக் காவேரிப்பட்டினத்து மாந்தோப்புகளை அவள் முதலில் பார்த்ததே அப்படித்தான் — சிவப்பாக!

ஷிப்ட் முடிந்து வந்த கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். “நல்லவேளை, வானம் என்ன கலர்னு மிஸ் கேக்கல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், கயல் வண்ணம் தீட்டுவதையே நிறுத்திவிட்டாள். மரத்தைக் கோடாக வரைகிறாள். உள்ளே வெறுமையாக விட்டுவிடுகிறாள்.

“ஏன்டா தங்கம்?”

“சிவப்பு அடிச்சா மிஸ் தப்புங்கறாங்க. பச்சை அடிச்சா உன் லேப்டாப்ல அது மண்ணும்மா.”

மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தது தவறோ? லேப்டாப்பை மூடியிருக்க வேண்டுமோ? இரண்டு நாள் இப்படியே குழம்பினேன். மூன்றாம் நாள் லீவு போட்டேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேராகப் பள்ளிக்குப் போனேன்.

நான் போன நேரம், ஒரு குழந்தையின் பையைக் காணவில்லை. மிஸ், வேன் டிரைவரிடம் கன்னடத்தில், “ஹசிரு பேகு எல்லிதெ?” என்றார். ஆயாவிடம் தெலுங்கில், “ஆ ஆகுபச்ச பேகு தியம்மா” என்றார். கடைசியில் குழந்தையிடம், “உன் கிரீன் பேக் இதானே செல்லம்?”

ஹசிரு, ஆகுபச்ச, கிரீன் — ஒரே பச்சைக்கு ஒரே மூச்சில் மூன்று பெயர். யாரும் யாரையும் திருத்தவில்லை. ஓசூரில் அதை யார் கவனிக்கிறார்கள்?

நான் கவனித்தேன். அவ்வளவு நேரம் வீட்டில் ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, லேப்டாப்பில் அந்தச் சிவப்பு மாந்தோப்புப் படத்தைத் திறந்து காட்டினேன்.

“மிஸ், ஒரு கலருக்கு மூணு பேரு இருக்கலாம்னா, ஒரு மரத்துக்கு ரெண்டு கலர் இருக்கக் கூடாதா?”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அழகாத்தான் இருக்குது மேடம். ஆனா வெள்ளிக்கிழமை டிராயிங் போட்டி. மரம்தான் தலைப்பு. ஜட்ஜ் வெளியில இருந்து வர்றாங்க. அவங்களுக்கு உங்க சேட்டிலைட் தெரியுமா?”

நியாயமான கேள்வி.

“பச்சைன்னு நானே சொல்லித் தரேன் மிஸ். சிவப்பு தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க” என்றேன்.

“சரி, நான் சொல்லல” என்றார். சொன்னபடியே கயலைக் கூப்பிட்டு, “உன் இஷ்டம்டா” என்றும் சொல்லிவிட்டார்.

வீடு திரும்பும் வழியில்தான் கயல் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நிஜமா என்ன கலர்? நம் கண்ணுக்குப் பிடிபடுவது பச்சை. மரம் அனுப்புவதோ அதைவிட எவ்வளவோ அதிகம். இதில் எது ‘நிஜம்’? ஐந்து வயதுக் குழந்தைக்கு இதை எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவள் மறுபடி வண்ணத்தைக் கையில் எடுக்க வேண்டும் — பரிசு எனக்குப் பெரிதில்லை. குழந்தை வளர்த்த அனுபவசாலிகளே, என்ன சொல்லட்டும்? எழுதுங்கள்.

கிரேயான் பெட்டியிலிருந்து சிவப்பை எடுத்து ஒளித்துவிடு என்று மட்டும் எழுதாதீர்கள். அதை நான் செய்வதாக இல்லை!