கழிவறையில் உடை மாற்றிய கிராணி

முதல் நாளே என்னை "மாப்பிள்ளை" என்று கூப்பிட்ட மனிதர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

எண்பதுகளின் கடைசி. கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நாலு வருஷம் சம்பளக் கணக்கு எழுதும் சின்னக் கிராணியாக இருந்துவிட்டு, சுங்கை பட்டாணியில் புதிதாகத் திறந்த ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணியாகச் சேர்ந்தேன். அப்பா பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறவர். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மரம் வெட்டப் போகாமல் மேசைமுன் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். தோட்டத்தில் கிராணி என்றால் வெள்ளைச் சட்டை, நீளக் கால்சட்டை, காலில் தோல் சப்பாத்து. தூரத்தில் வரும்போதே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அந்த உடுப்பைக் கழற்றிவிட்டால் நான் யார்? கறுப்பாய், ஒல்லியாய், இன்னொரு வெட்டுக்காரன் மகன். பார்த்தவுடன் கிராணி என்று தெரியவேண்டும். எனக்கும் அப்பாவுக்கும் வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அப்படித்தான் முதல் நாளும் போனேன், கழுத்தில் டையோடு. மேனேஜர் நம்மாள்தான், கோலாலம்பூரில் வளர்ந்த தமிழர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அரைக்கால் சட்டை, டீ சட்டை, காலில் ஜப்பான் சிலிப்பர். மேசைமேல் காலைப் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, பொண்ணு பாக்க வந்தியா?"

ஆபீசே சிரித்தது. பெயிண்ட் கம்பெனி இலவசமாகக் கொடுத்த பனியனைப் போட்டிருந்த சீனக் கணக்காளருக்குத் தமிழ் தெரியாது, அவரும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து நான் மாப்பிள்ளை.

"இங்க எல்லாரும் ஒண்ணு லா. சார் கீர்னு கூப்பிடாத. பேரச் சொல்லு. ரிலாக்ஸ்," என்றார் மேனேஜர்.

எல்லாரும் ஒன்றாம். அவர் கோவணத்தோடு வந்தாலும் வாசல் காவலாளி சலாம் போடுவான். நான் டையோடு வந்தும் யாரைப் பார்க்கவேண்டும் என்று மூன்று தடவை கேட்டான். இந்த வித்தியாசம் அந்தப் படித்த மண்டைக்கு ஏறவே இல்லை. அவர் அப்பா டாக்டர், தாத்தா ரயில்வேயில் பெரிய உத்தியோகம். சட்டையை அவிழ்த்துப் போட்டாலும் அவரிடம் மிச்சம் இருந்தது. எனக்குச் சட்டைதான் மொத்தமும்.

நாலு மாதம் தாக்குப்பிடித்தேன். ஐந்தாம் மாதம் கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நீ ஒட்டவே மாட்டேங்கற மாப்பிள்ளை. உன்னப் பாத்தா எல்லாருக்கும் இன்ஸ்பெக்டர் வந்து நிக்கற மாதிரி இருக்குதாம். அடுத்த மாசம் கன்ஃபர்ம் பண்ணணும்ல? யோசிச்சுக்க லா."

வேலை நிலைக்கவேண்டுமே. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு ஜீன்ஸ், இரண்டு டீ சட்டை, ஒரு சோடி சிலிப்பர் வாங்கினேன்.

வாங்கிவிட்டேனே தவிர, அதைப் போட்டுக்கொண்டு லயத்திலிருந்து கிளம்பத் தைரியம் இல்லை. காலையில் வழக்கம்போல வெள்ளைச் சட்டையும் சப்பாத்துமாய் பஸ் ஏறுவேன். தொழிற்சாலைக் கழிவறையில், ஈரத் தரையில் கால்சட்டை நுனி படாமல் ஒற்றைக் காலில் நின்று, உடை மாற்றுவேன். சாயங்காலம் மறுபடியும் அதே கூத்து. திருட்டு வேலை செய்கிறவன்கூட இவ்வளவு பதுங்கியிருக்கமாட்டான்.

ஒருநாள் அம்மா துவைக்கப்போன கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "என்னடா, போட்ட மடிப்பு அப்படியே இருக்கு?"

அப்பாதான் பதில் சொன்னார். "ஏர்கோன் ரூம்ல உக்காந்து வேல செய்யறவனுக்கு மடிப்பு எப்படிக் கலையும்?" சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுந்ததா என்று எட்டிப் பார்த்தார்.

அடுத்த வாரம் அப்பா கண் காட்ட சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்கு வந்தவர், மகன் வேலை செய்யும் இடத்தை ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் தொழிற்சாலைக்கு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை, தோளில் துண்டு, தீபாவளிக்கு வாங்கிய செருப்பு. நான் பின்பக்கத்துத் தார்த் தளத்தில், லாரி அருகே பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். என் காலைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"வேல போயிருச்சா?" என்றார் மெதுவாக.

"இல்லப்பா. இங்க இப்படித்தான்."

"இப்படித்தான்னா? மூட்ட தூக்க விட்டுட்டானுங்களா? எங்கிட்ட ஏன்டா மறைச்ச?"

நான் விளக்க வாயெடுக்கும்போது மேனேஜர் சிலிப்பரைத் தட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். அவர் யாரென்று நான் சொல்லவில்லை, சொல்லவேண்டியும் இருக்கவில்லை. தோட்டத்தில் அரைக்கால் சட்டை போட்டு நடக்கிறவர் ஒருவர்தான், தொரை. அப்பாவின் துண்டு தோளிலிருந்து கக்கத்துக்கு இறங்கியது. கால்கள் செருப்பை விட்டு வெளியே வந்தன. மத்தியான வெயிலில் கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு நின்றார்.

"செருப்பப் போடுங்கப்பா," என்றேன்.

"நீ கழட்டுடா மொதல்ல. தொர வர்றாருல்ல? இருக்கற வேலயையும் கெடுத்துக்காத," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் குரலில் இருந்த பயத்தைக் கேட்டபிறகு என்னால் சிலிப்பரோடு நிற்க முடியவில்லை. கழற்றினேன். உள்ளங்கால் வெந்தது.

மேனேஜர் எங்கள் முன்னால் கிடந்த இரண்டு சோடிச் செருப்பையும் பார்த்துச் சிரித்தார். "என்ன மாப்பிள்ளை, இது கோயிலா?" என்றார். "அப்பாவா? வணக்கம் பெரியவரே." போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை வரவில்லை. லாரிக்காரனிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தோட்டத்து ஆபீசில் நாலு வருஷம் வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டதிட்டத்துக்குள்தான் இருந்தேன். அங்கே பெரிய தொரை முன்னால் ஒருநாளும் நான் வெறுங்காலில் நின்றதில்லை. செருப்புப் போட்ட வெட்டுக்காரன்தான் கழற்றவேண்டும், சப்பாத்துப் போட்டவனைக் கழற்றச் சொல்ல அங்கே வழக்கமில்லை. எல்லாரும் ஒன்று என்ற இடத்தில்தான், என் அப்பாவுக்குப் பக்கத்தில், அவரைப் போலவே நின்றேன்.

அப்பா செருப்பைத் தேடிக் காலை நுழைத்துக்கொண்டார். முகம் தெளிந்திருந்தது.

"நல்ல தொரடா," என்றார். "திட்டல, பாரு."