வகுப்புக்காக வாங்கிய வெள்ளை ஹெல்மெட்

நான் படித்த சமுதாயக் கல்லூரி துபாயின் சத்வாவில் தையற்கடைகளுக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தின் பாதி அகலத்துக்கு நீளும். உள்ளே போனால் மூன்று அறைகள், ஒரு தண்ணீர் மெஷின், சிரிக்கும் மாணவர்களின் பெரிய படம் ஒட்டிய ஒரு சுவர். அந்தப் படத்தில் ஒருவர் முகத்தில்கூட வெயில் பட்ட அடையாளம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வருடம் அங்கேதான் பொறியியல் தொழில்நுட்பம் படித்தேன். படித்தேன் என்பதுகூட அதிகம், போய் வந்தேன்.

செய்முறை வகுப்புக்கு ஹெல்மெட் கட்டாயம். கல்லூரியிடம் ஒரு ஹெல்மெட்கூடக் கிடையாது என்பதால், அவரவர் சைட்டில் போடுவதைக் கொண்டுவரச் சொன்னார்கள். சைட்டில் இன்ஜினியருக்கு வெள்ளை, ஹெல்பருக்கு மஞ்சள். முதல் நாளே யாரும் சொல்லாமல் வெள்ளைகள் முன் வரிசையிலும் மஞ்சள்கள் சுவரோரமும் போய் உட்கார்ந்தோம். வாத்தியார் கேள்வி கேட்பது வெள்ளையிடம், மேசையை நகர்த்தச் சொல்வது மஞ்சளிடம். அந்த வெள்ளைகளின் லட்சணம் எனக்குத் தெரியும். விசாவில் இன்ஜினியர் என்று அச்சடித்திருக்கும், அதற்கான காகிதம் கையில் இருக்காது. அதை வாங்கத்தான் ஐயா வந்திருப்பார்.

சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் என் ரூமில் இருந்த ஒருவனும் என்னோடு படித்தான். இலங்கை மலையகத்துக்காரன், என்னைவிட இளையவன், என்னை அண்ணே என்பான். ஆறு வருடமாக எங்கள் கம்பெனி சர்வேயருக்கு ஸ்டாஃப் பிடிக்கிறவன். ஸ்டாஃப் என்றால் எண்கள் அச்சிட்ட நீளமான அளவுகோல். ஒரு துண்டுக்குள் இன்னொரு துண்டு இருக்கும், வேண்டிய உயரத்துக்கு இழுத்து, பட்டனால் நிறுத்திக்கொள்ளலாம். இவன் அதைத் தரையில் நிறுத்த, சர்வேயர் தூரத்திலிருந்து குழாய் வழியாகப் பார்த்து எண்ணைப் படித்து மேடு பள்ளத்தைக் கணக்கிடுவார். கம்பி கட்டிக்கொண்டிருந்த எனக்கு இதெல்லாம் சுத்தமாகப் புரியவில்லை. அவன்தான் ரூமில் துடைப்பக் கட்டையில் மார்க்கரால் கோடு போட்டு, கட்டில்மேல் ஏறி நின்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். பாஸ் பண்ணினால் விசாவில் ஹெல்பரை எடுத்துவிட்டு உதவி சர்வேயர் என்று மாற்றுவதாகக் கம்பெனி எங்கள் இருவருக்கும் சொல்லியிருந்தது. அவன் அதை நம்பி, இனிமேல் ஹெல்பர் இல்லை என்று மனைவிக்குப் போனில் சொல்லியும் விட்டான்.

மூன்றாவது மாதம் நான் ஒரு காரியம் செய்தேன். வகுப்புக்கு மட்டும் என்று சொல்லி ஒரு வெள்ளை ஹெல்மெட் வாங்கினேன்.

"என்னாண்ணே, ப்ரமோஷனா?" என்று சிரித்தான் அவன்.

அடுத்த வாரமே வாத்தியார் என்னை முன் வரிசைக்குக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். தப்பாகச் சொன்னேன். "நல்ல முயற்சி" என்றார். மஞ்சளாக இருந்தபோது சரியாகச் சொன்ன இரண்டு பதில்களும் அந்த மனிதர் காதில் விழுந்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மனம் குளிர்ந்து போயிருந்தது.

கடைசித் தேர்வு கட்டடத்துக்குப் பின்னால், கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. கேட் ஓரத்து அடையாளத்திலிருந்து தொடங்கி, சரிவில் இறங்கி, பேஸ்மென்ட் வரை மட்டம் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். கிளம்பிய இடத்துக்கே வந்தால் கிளம்பிய எண்ணே வர வேண்டும். எங்கள் குழுவில் நான்கு பேர். ஒரு வெள்ளை ஹெல்மெட் இன்ஜினியர் குழாயில் பார்த்தார், நான் நோட்டில் எழுதினேன், அவன் ஸ்டாஃப் பிடித்தான். நான்காமவர் இன்ஜினியருக்குக் குடை பிடித்தார். அதற்கும் மார்க் உண்டோ என்னவோ.

சரிவின் அடியில் ஸ்டாஃபை உயர இழுத்ததும் அவன் குரல் கொடுத்தான்.

"சார், மூணாவது துண்டுல பட்டன் ஒடஞ்சிருக்கு. நிக்கல, உள்ள எறங்குது. டேப் சுத்திட்டுப் பாப்பமா?"

"ஏ பீலா, சுப்!" என்று அதட்டினார் வாத்தியார். எங்கள் பக்கத்துத் தமிழர்தான், மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்தால் மட்டும் ஹிந்தி வந்துவிடும். பீலா என்றால் மஞ்சள், சுப் என்றால் வாயை மூடு. "கோலப் புடிக்கிறதுதான் உன் வேலை. யல்லா, சீக்கிரம்!"

அவன் ஸ்டாஃபை நிமிர்த்திப் பிடித்தான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். துண்டு வழுக்கி இறங்கியதை என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்துவிட்டு, இன்ஜினியர் சொன்ன எண்ணை அழகாக எழுதிக்கொண்டேன்.

சுற்றி வந்தபோது கணக்கு பதினெட்டு மில்லிமீட்டர் உதைத்தது. வாத்தியாரின் புருவம் உயர்ந்ததும் இன்ஜினியர் முந்திக்கொண்டார். "ஸ்டாஃப் புடிச்சவன் கை ஆடிக்கிட்டே இருந்துச்சு சார்."

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, ஆடுச்சா?"

அந்த 'நீங்க' என் தலையிலிருந்த பிளாஸ்டிக்குக்குக் கிடைத்தது. அதைக் கழற்றிப் போட்டு உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும்.

"ஆமா சார், கொஞ்சம் ஆடுச்சு" என்றேன்.

கொஞ்சமாம்! பொய்யிலும் ஒரு நியாயஸ்தன் வேஷம். வாத்தியாரையும் இன்ஜினியரையும் இத்தனை நேரம் ஏசினேனே, அவர்கள் இருவரையும் சேர்த்தால்கூட அன்று என் பக்கத்தில் நிற்க முடியாது. நாங்கள் மூவரும் பாஸ், அவன் மட்டும் ஃபெயில். அன்று ரூமுக்கு வந்ததும் அவன் அந்தத் துடைப்பத்தை எடுத்துத் தரையைக் கூட்டினான்.

இப்போது அல் ஐனில் சைட். நான் உதவி சர்வேயர், சைட்டிலும் வெள்ளை ஹெல்மெட்தான். எனக்கு ஸ்டாஃப் பிடிப்பவன் அவன். என் விசா மாறிய நாளிலிருந்து அண்ணே போய் சார் வந்தது. வேண்டாமென்று பலமுறை சொல்லிவிட்டேன். சரிங்க சார் என்கிறான்.

போன மாதம் ஒரு நாள் கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. அந்த வெயிலில் இரண்டு முறை முழுச் சுற்றும் சுற்றினோம். மூன்றாம் முறை சந்தேகம் வந்து நானே அவனிடம் நடந்து போய்ப் பார்த்தேன். ஸ்டாஃபின் மேல்துண்டு ஓர் அங்குலம் உள்ளே இறங்கியிருந்தது.

"ஏன்டா, இது உனக்குத் தெரியலையா?"

"மொதல்லயே தெரியுங்க சார்."

"அப்ப வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

அவன் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தான். காலையிலிருந்தே அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். துண்டை மேலே இழுத்து, மூன்று சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்தான். பிறகுதான் என்னைப் பார்த்தான்.

"சொன்னா, கை ஆடுச்சுன்னு சொல்லிருவீங்களே சார்."