பதினஞ்சு மணி நேரம் உட்காரணுமாம்

எங்க வூட்டுக்காரர் வேணுவை ஒரு எடத்துல உட்கார வைக்கிறது லேசுப்பட்ட காரியமில்லிங்க. மைன்ஸ்ல கரி போற கன்வேயர் பெல்ட்டு ஓரமாவே நடந்துகினு, எந்த ரோலர் சூடாவுது, பெல்ட்டு எங்க ஒதுங்குதுன்னு பார்க்கிற வேலை அவருக்கு. காண்ட்ராக்ட்ல சேர்ந்து, பெர்மனன்ட் ஆகி, ரிட்டயரும் ஆயிட்டார். கால் மட்டும் இன்னும் டூட்டியிலயே கெடக்குது. பண்ருட்டி பஸ்ல சீட்டு காலியா இருந்தாலும் நின்னுகினேதான் வருவார். எனக்குத்தான் மானம் போவும்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, இசைப்பிரியா. கனடாவுல இருக்கா. பிரசவத்துக்கு ரெண்டு பேரும் வரணும்னு டிக்கெட் போட்டா. அப்பாவுக்கு அலைச்சல் கூடாதுன்னு தேடித் தேடி, சீக்கிரமா போற பிளேனா பார்த்துப் போட்டிருக்கா. டெல்லியில ஏறினா டொராண்டோவுலதான் எறக்கம்.

“எவ்ளோ தூரமாம்?”ன்னார்.

“பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேலயாம். பதினஞ்சு மணி நேரம் ஆவுமாம்.”

“அடேங்கப்பா! ரெண்டு ஷிஃப்டு உட்காந்துகினேவா? நீ போய்ட்டு வா பொற்கொடி. நான் வூட்டப் பார்த்துக்கிறேன்.”

“வூட்ட எவனும் தூக்கிகினு போவ மாட்டான். பெத்த பொண்ண நேர்ல பார்த்து நாலு வருஷம் ஆவுது, நெஞ்சுல ஈரம் இருக்கா ஒங்களுக்கு?”

பொண்ணுகிட்டயும் தயங்கித் தயங்கி, ‘அம்மா வரட்டும், நான் வூட்டப் பார்த்துக்கிறேன்’னு மட்டும்தான் சொன்னார். “வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லுப்பா”ன்னு அழுதுகினே போனை வச்சிட்டா. மனுஷன் ஆடிப்போயிட்டார். பிளாஸ்டிக் சேர்ல உட்காந்து, “என்னைத் துண்டால கட்டிப் போடு, பழகிக்கிறேன்”ன்னார். கட்டினேன். சோறு பொங்குறதுக்குள்ள சேரையும் தூக்கிகினு வாசலுக்குப் போயிட்டார். சிரிப்பு வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு.

நானே பொண்ணுக்குப் போன் போட்டேன். “அடி பைத்தியமே, ஒன்னப் பார்க்க ஆசையில்லாம இல்லடி. அவரால உட்கார முடியல!” விஷயம் புரிஞ்சதும் டிக்கெட்டை மாத்தினா. ரெண்டு ஊர்ல எறங்கி ஏறணும், போய்ச் சேர ஒண்ணரை நாள். ஊரு உலகமே நேரம் கொறச்சலாத் தேடும், நாங்க கூடுதலாத் தேடினோம்.

ஏர்போர்ட்டு ஒவ்வொண்ணையும் மூலைக்கு மூலை அளந்தார். ஆளுங்கள நிக்க வச்சே இழுத்துகினு போற நடைபாதையைப் பார்த்ததும், “ஏய், நம்ம பெல்ட்டு!”ன்னு குனிஞ்சு கையை வச்சுப் பார்க்கப் போயிட்டார். சட்டையைப் புடிச்சு இழுத்துகினு வந்தேன்.

நாங்க போன மறு வாரம் பேத்தி பொறந்தா. வூட்டுக்கு வந்ததும் பொண்ணு கொழந்தையத் தூக்கி அவர் மடியில வச்சா. அது அவர் வெரலப் புடிச்சுகினு தூங்கிப்போச்சு. நான் சமையல முடிச்சு, துணி மடிச்சு வந்து பார்த்தா, மனுஷன் வச்ச எடத்துலயே இருக்கார்.

“கால் மரத்திருக்கும், கொழந்தையக் குடுங்க.”

“சத்தம் போடாத, முழிச்சிக்கும்.”

செத்த நேரம் எம்பக்கத்துல உட்காருங்கன்னு காலம்பூரா கேட்டுப் பார்த்தவ நான். வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் நகரச் சொல்லி, நானும் பக்கத்துல உட்காந்துகினேன்.